பால் தெளிநீரும் உடலின் தற்காப்பும்

மேற்கு வங்கத்தின் நகரங்களில், விடியற்காலை வேளையில் இனிப்புக் கடைகளின் பின்கட்டில் ஒரு காட்சியைக் காணலாம். காய்ச்சிய பாலில் முதல் நாள் எடுத்து வைத்த புளித்த தெளிநீரை ஊற்றுகிறார்கள். பால் திரிகிறது. துணியில் கட்டித் தொங்கவிட்ட திரட்டிலிருந்து இளம்பச்சை நிறமான நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. 'சேனா' எனப்படும் அத்திரட்டு ரசகுல்லாவாகவும் சந்தேஷாகவும் மாறி விற்பனைக்குச் செல்கிறது. வடிந்த நீரில் ஒரு பகுதி மறுநாள் தேவைக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது; எஞ்சியதில் பெரும்பகுதி சாக்கடையில் கலக்கிறது.

அதே நகரங்களின் மருந்துக் கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் 'வே புரோட்டீன்' என்னும் தூள் பெரிய டப்பாக்களில் விற்கப்படுகிறது. பாலாடைக்கட்டி தயாரிக்கும்போது வடியும் இதே இனத்துத் தெளிநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புரதமே அத்தூள். தசையை வளர்க்கும் என்பதோடு, உடல் தானே ஆக்கிக்கொள்ளும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருளைப் பெருக்கும் என்பதும் அதன் சிறப்பாகக் கூறப்படுகிறது.

ஒரே பொருள் ஓரிடத்தில் கழிவாகவும் மற்றோரிடத்தில் விலையுயர்ந்த துணை உணவாகவும் இருப்பது பொருளாதார மாணவரின் கவனத்திற்குரியது. அதனை ஒட்டி மூன்று வினாக்கள் எழுகின்றன. அத்தூளைப் பற்றிய கூற்றில் எவ்வளவு உண்மை உள்ளது? அது உண்மையாயின், யாருக்குத் தேவைப்படுகிறது? பால் உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிக்கும் நம் நாடு இத்தெளிநீரை எவ்வாறு பயன்படுத்த வேண்டும்?

தெளிநீர் என்பது யாது?

பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசின் எனப்படும் வகையைச் சேர்ந்தது. அமிலமோ, கன்றின் இரைப்பையிலிருந்து கிடைக்கும் ரென்னெட் போன்ற உறைபொருளோ சேரும்போது திரண்டு கட்டியாவது இதுவே. எஞ்சிய 20 விழுக்காடு, நீரில் கரைந்த நிலையில் தெளிநீரோடு செல்கிறது. பீட்டா லாக்டோகுளோபுலின், ஆல்ஃபா லாக்டால்புமின், சீரம் ஆல்புமின், நோய் எதிர்ப்புப் புரதங்கள், லாக்டோஃபெரின் ஆகியவை இதில் அடங்கும். தாய்ப்பாலில் கேசினைவிடத் தெளிநீர்ப் புரதங்களே மிகுதி என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பத்துக் கிலோ பாலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ பாலாடைக்கட்டி கிடைக்கும். ஒன்பது கிலோ தெளிநீராக வடியும். அத்தெளிநீரில் 93 விழுக்காட்டுக்கு மேல் வெறும் நீரே. பால் சர்க்கரையாகிய லாக்டோஸ் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், புரதம் 0.6 முதல் 0.8 விழுக்காடு வரையும், தாது உப்புகள் அரை விழுக்காடு அளவிலும் உள்ளன. ஆயிரம் லிட்டர் தெளிநீரில் இருக்கும் புரதம் ஏழு கிலோ அளவே ஆகும். இவ்வளவு நீர்த்த கரைசலிலிருந்து புரதத்தை அதன் இயல்பு கெடாமல் பிரிப்பது நெடுங்காலம் இயலாததாக இருந்தது. நுண்துளைச் சவ்வுகளின் வழியே அழுத்தத்துடன் செலுத்தி வடிகட்டும் முறை 1970-களில் பால் தொழிலில் பரவிய பின்னரே நிலைமை மாறியது. சவ்வு நீரையும் சர்க்கரையையும் வெளியே விட்டுப் புரதத்தை நிறுத்திக்கொள்கிறது. செறிவூட்டிய கரைசலை வெப்பக் காற்றில் தெளித்து உலர்த்தினால் தூள் கிடைக்கிறது. 80 விழுக்காடு வரை புரதம் உள்ளது செறிவு வகை. 90 விழுக்காடு அளவில் உள்ளது தனிப்பிரிப்பு வகை.

உடல் தானே ஆக்கும் காவற்பொருள்

உயிரணுக்கள் உணவிலிருந்து ஆற்றலைப் பெற ஆக்சிஜன் தேவைப்படுகிறது. இப்பணியின்போது அந்த ஆக்சிஜனில் ஒரு சிறு பகுதி முழுமையாக நீராக மாறாமல், சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிர வினைப்பொருள்களாக நின்றுவிடுகிறது. நாட்பட்ட எண்ணெய் காறிப்போவதற்குக் காரணமான ஆக்சிஜனேற்றமே உயிரணுச் சவ்வின் கொழுப்பிலும் இவற்றால் நிகழக்கூடும். புரதங்களும் மரபுப் பொருளும்கூட இவற்றின் தாக்குதலுக்கு உள்ளாகின்றன. எனினும் இவற்றை முற்றிலும் பகையெனக் கொள்வதற்கில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல இவற்றையே கருவியாகக் கொள்கின்றன. ஆகவே இவற்றை அடியோடு ஒழிப்பது உடலின் நோக்கமன்று. அளவுக்குள் நிறுத்துவதே நோக்கமாகும்.

இக்கட்டுப்பாட்டைச் செய்யும் நொதிகளுள் ஒன்றான சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் 1969-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டு, ஃப்ரிடோவிச் ஆகியோரால் விளக்கப்பட்டது. அது சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அந்தப் பெராக்சைடை நீராக மாற்றும் பணியில் பெரும்பங்கு கொள்வது குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறாகும்.

1888-ல் பிரெஞ்சு அறிஞர் டி ரே-பெய்லாட் ஈஸ்டில் கண்ட ஒரு பொருளை, 1921-ல் கேம்பிரிட்ஜில் ஃப்ரெடரிக் கௌலாண்ட் ஹாப்கின்ஸ் மீண்டும் பிரித்தெடுத்துக் குளூட்டாதயோன் எனப் பெயரிட்டார். குளூட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்கள் இணைந்ததே அது என்பது 1929-ல் உறுதியாயிற்று. உயிரணுக்கள் அனைத்தும் இதனை ஆக்குகின்றன; கல்லீரல் இதன் தலைமைத் தொழிற்கூடம் எனலாம்.

இதன் ஆக்கத்தில் மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய செய்திகள் மூன்று. முதலாவது, மூன்று மூலப்பொருள்களுள் பொதுவாக அருகியிருப்பது கந்தகம் கொண்ட சிஸ்டீனே ஆகும். பாரசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி உட்கொண்டவரின் கல்லீரலில் குளூட்டாதயோன் இருப்பு தீர்ந்துபோகிறது. கல்லீரல் அழியத் தொடங்குகிறது. அப்போது மருத்துவர்கள் கொடுக்கும் மருந்து அசிட்டைல் சிஸ்டீன் ஆகும். மூலப்பொருள் வந்து சேர்ந்ததும் உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது. உற்பத்தியின் தடை எங்குள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆக்கத்தின் முதற்படியை நடத்தும் நொதி, குளூட்டாதயோன் போதிய அளவு சேர்ந்தவுடன் அதனாலேயே மட்டுப்படுகிறது. கிடங்கு நிரம்பினால் ஆலை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது போன்றது இது. எனவே மூலப்பொருளைக் குவிப்பதனால் மட்டும் உற்பத்தி வரம்பின்றிப் பெருகாது.

மூன்றாவது, குளூட்டாதயோன் தனித்து இயங்குவதில்லை. பெராக்சைடை நீராக்கும் நொதிக்குச் செலினியம் தேவை. பயன்பட்டுத் தீர்ந்த குளூட்டாதயோனைப் பழைய நிலைக்கு மீட்கும் நொதிக்கு ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் பி-2 தேவை. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் சிஸ்டீன் மட்டும் இருந்து பயனில்லை.

தெளிநீர்ப் புரதத்தின் பங்கு

குளூட்டாதயோனை நேரடியாக உண்டால் என்ன என்ற வினா எழலாம். வாயால் உட்கொள்ளும் குளூட்டாதயோன் குடலிலேயே பெருமளவு சிதைந்துவிடுகிறது. சிஸ்டீனைத் தனியே உண்பதும் ஏற்றதன்று. அது நிலையற்றது, மிகுந்தால் தீங்கும் பயக்கும். புரதத்தின் பகுதியாகச் செரிமானத்தில் மெல்ல வெளிப்பட்டுக் கல்லீரலை அடைவதே சிஸ்டீனுக்கு இயல்பான வழியாகும்.

இவ்வகையில் தெளிநீர்ப் புரதம் சிறந்த வாயிலாக அமைகிறது. கேசினில் சிஸ்டீன் மிகக் குறைவு. தெளிநீர்ப் புரதத்தில் அதனினும் பன்மடங்கு மிகுதி. சீரம் ஆல்புமின் மூலக்கூறு ஒன்றில் மட்டும் சிஸ்டீன் இணைகள் பதினேழு உள்ளன. முட்டையும் கந்தக அமினோ அமிலங்கள் மிகுந்த உணவே. பருப்பு வகைகளில் இவை குறைவு. தானியங்களில் ஓரளவு உண்டு. அரிசியும் பருப்பும் கலந்த கிச்சடியும், அரிசியும் உளுந்தும் கலந்த இட்லியும் ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பும் உணவுகளாகும். மேலும், மெதியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்திலிருந்தும் நலமுள்ள கல்லீரல் சிஸ்டீனை ஆக்கிக்கொள்ள வல்லது. எனவே தெளிநீர்ப் புரதம் ஒரு நல்ல வாயில். ஒரே வாயில் அன்று.

ஆய்வுகள் காட்டுவன

1980-களில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூனஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், இயல்பு கெடாத தெளிநீர்ப் புரதத்தை உண்ட சுண்டெலிகளின் திசுக்களில் குளூட்டாதயோன் கூடுதலாக இருப்பதைக் கண்டனர். 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், நலமுள்ள இளம் வயதினர் 20 பேரில் ஒரு பகுதியினர் நாள்தோறும் 20 கிராம் தெளிநீர்ப் புரதத்தையும் மற்றவர்கள் கேசினையும் மூன்று மாதங்கள் உட்கொண்டனர். முன்னவர்களின் நிணநீர் அணுக்களில் குளூட்டாதயோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. எச்.ஐ.வி. தொற்றுடையோரிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2001-ல் வெளியான ஆய்விலும், இரண்டு வாரங்களில் இரத்தத்தில் அதன் அளவு கூடியது.

ஆகவே கூற்றின் முதற்பகுதி ஆதாரமற்றதன்று. ஆனால் இவை சில பத்துப் பேரைக்கொண்டு குறுகிய காலத்தில் நடத்தப்பட்ட ஆய்வுகள். அளவிடப்பட்டது இரத்தத்தில் உள்ள ஒரு பொருளின் அளவே. நோய் குறைந்ததா, ஆயுள் நீண்டதா என்பது அன்று. ஓர் அளவு உயர்வதும் உடல்நலம் உயர்வதும் ஒன்றல்ல என்பதற்குப் பின்லாந்தின் அனுபவம் சான்றாகும். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக்கொண்டு அங்கு நடத்தப்பட்ட பேராய்வில், ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருளான பீட்டா கரோட்டினை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது என 1994-ல் அறிவிக்கப்பட்டது. புற்றுநோயைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கிய ஆய்வு அது.

தேவை யாருக்கு?

ஆலை முழு வேகத்தில் இயங்கும் இடத்தில் கூடுதல் மூலப்பொருளால் பெரும்பயன் இல்லை. மூலப்பொருள் இன்றி ஆலை நிற்கும் இடத்தில்தான் பயனை எதிர்பார்க்கலாம். அத்தகைய நிலையில் இருப்போர் முதியோர், நெடுநாள் நோயாளிகள், ஊட்டக் குறைவுற்ற குழந்தைகள் ஆகியோராவர்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான சிறு ஆய்வில், முதியோரின் சிவப்பணுக்களில் குளூட்டாதயோன் ஆக்கம் இளையோரைவிடக் குறைந்திருந்தது. சிஸ்டீனும் கிளைசினும் இரண்டு வாரங்கள் கொடுக்கப்பட்டபின் அக்குறை நீங்கியது. மூலப்பொருள் பற்றாக்குறையே காரணம் என்ற கருத்திற்கு இது வலுவூட்டியது.

குழந்தைகளைப் பற்றிய செய்தி வளரும் நாடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மங்கும் குவாஷியோர்கர் நோயை 1933-ல் அன்றைய கோல்டு கோஸ்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் விவரித்தார். புரதக் குறைவே அதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. குன்னூரில் தோன்றி 1958-ல் ஐதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் சி. கோபாலன், உடல் வீங்கிய குழந்தைகளின் உணவுக்கும் உடல் மெலிந்து வற்றிய குழந்தைகளின் உணவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதை 1960-களில் எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின் ஒரே உணவை உண்டவருள் சிலர் மட்டும் வீங்குவது ஏன்? ஜமைக்காவில் பணியாற்றிய மைக்கேல் கோல்டன் 1980-களில் வேறொரு விடையை முன்வைத்தார். இக்குழந்தைகளின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பாற்றல் குலைந்திருப்பதே காரணம் என்பது அவர் கருத்து. அவர்களுடைய இரத்தத்தில் குளூட்டாதயோன் மிகக் குறைவாக இருந்தது. ஜமைக்காவிலேயே பின்னர் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையின்போது சிஸ்டீன் கூடுதலாகக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் குளூட்டாதயோன் ஆக்கம் விரைவில் மீண்டது.

எனினும் இங்கும் எச்சரிக்கை வேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவியில் 2,372 சிறு குழந்தைகளைக்கொண்டு நடத்தப்பட்டு 2005-ல் வெளியான ஆய்வில், ரிபோஃப்ளேவின், வைட்டமின் ஈ, செலினியம், அசிட்டைல் சிஸ்டீன் ஆகியவை கலந்த தூள் குவாஷியோர்கர் வராமல் தடுக்கவில்லை. நோயுற்ற குழந்தை மீளும்போது சிஸ்டீன் துணைசெய்கிறது என்பதிலிருந்து, அதனை முன்னரே தூவிவிட்டால் நோய் வராது என்ற முடிவுக்குத் தாவ இயலாது. பசியும் தொற்றுநோயும் தூய்மையற்ற குடிநீரும் சூழ்ந்த வாழ்வில், காவற்பொருளை மட்டும் தனியே பிரித்துக் கொடுப்பது உணவுக்கு ஈடாவதில்லை.

நம் நாட்டில் 2019-21-ல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 19.3 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடையின்றியும் இருந்தனர். மூலப்பொருள் தட்டுப்பாடு எந்த இல்லங்களில் உள்ளது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. விலையுயர்ந்த டப்பாவோ வேறு இல்லங்களைத்தான் சென்றடைகிறது.

டப்பாவும் அதன் மதிப்பும்

65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 54 கிராம் புரதமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதமும் போதுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. முப்பது கிராம் தூளில் 24 கிராம் அளவு புரதம் கிடைக்கலாம். நூறு கிராம் துவரம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் ஆறு கிராமும், கால் லிட்டர் பாலில் எட்டு கிராமும் உண்டு. தூளின் புரதம் தரத்தில் உயர்ந்தது என்பது மெய்யே. ஆயினும், பருப்பும் தானியமும் பாலும் முட்டையும் இடம்பெறும் உணவை உண்பவருக்கு அவ்வேறுபாட்டால் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது. அதற்கு அவர் கொடுக்கும் விலை பெரிது.

தசை வளர்ப்பதற்காகத் துணைப்புரதத் தூள்களை உண்பதைத் தவிர்க்குமாறு, இக்குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி நெறிகள் அறிவுறுத்துகின்றன. சேர்க்கப்படும் சர்க்கரை, இனிப்பூட்டிகள், மிகுபுரதத்தால் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் நேரக்கூடிய கேடு ஆகியவை அங்குச் சுட்டப்பட்டுள்ளன. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களும் பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது.

தரமும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. இந்தியச் சந்தையில் விற்கப்படும் 36 வகைப் புரதத் தூள்களைக் கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட குழுவினர் சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டுத் தூள்களில் புரத அளவு பற்றிய குறிப்பு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் காணப்பட்டது. புரதத்தின் அளவை நைட்ரஜனைக்கொண்டு மதிப்பிடும் வழக்கம் பிழைக்கு இடமளிக்கிறது. மலிவான தனி அமினோ அமிலத்தைக் கலந்தாலும் நைட்ரஜன் உயர்ந்து காணும், வாங்குவோர் ஏமாறுவர். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், துணை உணவுகளுக்கான விதிகள் 2016-ல் இயற்றப்பட்டன. விதி இருப்பது முதற்படி. கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களும் அலுவலர்களும் இருப்பதே இரண்டாம் படி.

சாக்கடைக்குச் செல்லும் செல்வம்

1950-51-ல் 1.7 கோடி டன்னாக இருந்த நம் நாட்டின் பால் உற்பத்தி, 1970-ல் தொடங்கி 1996-ல் நிறைவுற்ற வெண்மைப் பெருக்குத் திட்டத்தாலும் அதன் வழிவந்த கூட்டுறவு அமைப்புகளாலும் வளர்ந்து, 2023-24-ல் 23.9 கோடி டன்னை எட்டியது. அவ்வாண்டில் ஆள் ஒருவருக்கு நாள்தோறும் 471 கிராம் என்பது சராசரிக் கணக்கு. நகரங்களில் வருவாய் உயர உயர, பனீர், சேனா, பாலாடைக்கட்டி ஆகியவற்றின் நுகர்வும் வளர்கிறது. தெளிநீரும் அதனோடு பெருகுகிறது.

இத்தெளிநீரை நீர்நிலையில் விடுவது சிறு குற்றமன்று. அதிலுள்ள சர்க்கரையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. ஒரு லிட்டர் தெளிநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 30,000 முதல் 50,000 மில்லிகிராம் வரை இருக்கும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்குப் பொதுவிதி அனுமதிப்பதோ 30 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் தெளிநீர் பல நூறு பேரின் ஒரு நாள் கழிவுக்கு ஒப்பான சுமையாகும். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 முதல் நடைமுறையில் உள்ளது. பெரிய ஆலையை அது எட்டுகிறது. சந்துகளில் இயங்கும் சிறு பட்டறைகளை எட்டுவது எளிதன்று. பனீரின் விலையில் இச்செலவு சேர்வதில்லை. கீழ்ப்புறத்து ஊர்களின் மீனவரும் உழவரும் அதனை ஏற்கின்றனர். பொருளாதார நூல்கள் புறச்செலவு என்று குறிப்பிடுவது இதனையே.

சாக்கடையில் செல்லும் இத்தெளிநீர் முழுவதையும் விலையுயர்ந்த தூளாக்கிவிடலாம் என்று எண்ணுவது பிழையாகும். பனீரும் சேனாவும் ஆக்கும்போது பால் முதலில் நன்கு சூடாக்கப்படுகிறது. அச்சூட்டில் தெளிநீர்ப் புரதங்களில் பெரும்பகுதி இயல்பு மாறிக் கேசினோடு ஒட்டித் திரட்டிலேயே தங்கிவிடுகிறது. பனீர் உண்பவர் அதனை ஏற்கெனவே உண்டுவிடுகிறார். ஆகவே பனீர்த் தெளிநீரில் எஞ்சுவது பெரும்பாலும் சர்க்கரையும் தாது உப்புகளும் சிறிதளவு புரதமுமே. ரென்னெட் இட்டு மிதமான சூட்டில் ஆக்கும் பாலாடைக்கட்டியின் தெளிநீரில்தான் புரதம் முழுமையாக உள்ளது. அத்தொழில் நம் நாட்டில் இன்னும் சிறியது. எனவேதான் தூள் விற்போர் பலர் புரதச் செறிவை வெளிநாட்டிலிருந்து தருவிக்கின்றனர். குஜராத்தின் பாலன்பூரில் பனாஸ் பால் கூட்டுறவு ஒன்றியத்தின் பாலாடைக்கட்டி, தெளிநீர்த்தூள் ஆலை 2022-ல் விரிவாக்கப்பட்டது இத்துறையில் குறிப்பிடத்தக்க முயற்சியாகும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து, தெளிநீரின் வகைக்கேற்பக் கொள்கையும் வேறுபட வேண்டும் என்பது புலனாகும்.

பெரிய பாலாடைக்கட்டி ஆலைகளில் புரதத்தைப் பிரிக்கும் சவ்வு அமைப்பு ஆலைத் திட்டத்தின் பிரிக்க இயலாத உறுப்பாக இருத்தல் வேண்டும். சவ்வும் உலர்த்தும் கோபுரமும் மிகுந்த முதலீடு கோருவன. நாள்தோறும் பெருமளவு தெளிநீர் வந்தால்தான் அவை கட்டுப்படியாகும். சிறிய ஆலைகள் தம்மிடத்திலேயே நீரை ஓரளவு பிரித்துச் செறிவாக்கிக் குளிரூட்டி, பொதுவான உலர்த்தும் நிலையத்துக்கு அனுப்பலாம். தெளிநீர் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்குவதால் குளிரூட்டல் இன்றியமையாதது. பாலைச் சிற்றூர்களிலிருந்து திரட்டி ஓரிடத்தில் சேர்ப்பதில் தேர்ச்சி பெற்ற கூட்டுறவுகளுக்கு இது புதிய கலை அன்று.

பனீர், சேனாப் பட்டறைகளின் தெளிநீருக்கு எளிய வழிகளே பொருந்தும். பழச்சாறு கலந்த பானம், ரொட்டி மாவு பிசைதல், கால்நடைத் தீவனம் ஆகியவற்றுக்கு அது பயன்படும். கர்னாலிலுள்ள தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனம் இத்தெளிநீர்ப் பானங்களைப் பற்றி ஆய்ந்துள்ளது. எஞ்சியதைச் சாண எரிவாயுக் கலன்களில் சேர்த்தால் எரிபொருள் கிடைக்கும், ஆறும் தப்பும். இனிப்புக் கடைகள் நெருங்கியுள்ள பகுதிகளில் நகராட்சியோ கூட்டுறவோ பொதுச் சேகரிப்பு ஏற்பாட்டைச் செய்யலாம்.

பிரித்தெடுத்த புரதம் யாரைச் சென்றடைகிறது என்பது மற்றொரு செய்தி. 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியின் அங்கன்வாடிகளும் பள்ளி மதிய உணவும் நாடெங்கும் பரந்த வலையாக உள்ளன. கர்நாடகம் 2013 முதல் பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் வழங்கி வழிகாட்டியது. மலாவியில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மிதமான ஊட்டக் குறைவுள்ள குழந்தைகளுக்குத் தரப்பட்ட சத்துணவில் சோயாவுக்குப் பதிலாகத் தெளிநீர்ப் பொருள்கள் சேர்க்கப்பட்டபோது, மீண்ட குழந்தைகளின் விகிதம் சற்றே உயர்ந்தது. இந்த முன்னேற்றம் சிறிதே, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. மருத்துவமனைகளின் ஊட்டமீட்பு மையங்களிலும் முதியோர் இல்லங்களிலும், மருத்துவக் கண்காணிப்பில், உள்நாட்டுத் தெளிநீர்ப் புரதத்தை முதலில் சோதித்துப் பார்க்கலாம். சோதனையின் முடிவைக் கண்டபின் விரிவாக்குவதே முறை. விளம்பரத்தைக் கண்டு விரிவாக்குவதன்று.

தன்னைக் காக்கும் பொருளை ஆக்கும் திறனை ஒவ்வோர் உடலும் பிறப்பிலேயே பெற்றிருக்கிறது. அதற்கு வேண்டிய மூலப்பொருள் எளிய உணவிலேயே உள்ளது. அந்த உணவு போதாத இல்லங்களில்தான் திறன் முடங்குகிறது. எனவே இத்துறையில் வளர்ச்சியை விற்பனையாகும் டப்பாக்களின் எண்ணிக்கையால் அளத்தல் பொருந்தாது. பால் கறக்கும் குடும்பத்தின் குழந்தைக்கு அந்தப் பாலில் எவ்வளவு கிடைக்கிறது, எஞ்சிய தெளிநீர் ஆற்றில் கலக்காமல் எவ்வளவு நிறுத்தப்படுகிறது என்னும் இரண்டு கணக்குகளே அதற்கு உரிய அளவுகோல்களாகும்.